துப்பாக்கிக் கட்டையும் காற்றின் ஈரமும்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 18-ஆம் நூற்றாண்டில் உருவெடுத்த நீள்துப்பாக்கியை இன்றும் கையால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு, கோலால் இடித்துக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி அது. நன்றாகச் செய்த ஒன்றைக் கழற்றிப் பார்ப்போம். முதலில் சுடும் பொறியை எடுத்துவிட வேண்டும். குழலின் பின்முனையிலிருந்து வால்போல் நீளும் இரும்புப் பட்டையில் ஒரு திருகாணி இருக்கும்; அதைக் கழற்ற வேண்டும். பிறகு முன்கட்டையின் பக்கவாட்டில் புள்ளிகளாகத் தெரியும் குறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தால் குழல் தனியே வந்துவிடும். குழலைத் திருப்பினால் அதன் அடிப்பக்கத்தில் மூன்று நான்கு இடங்களில் சிறு இரும்புக் காதுகள் தெரியும். குறுக்காணி மரத்தின் ஒரு பக்கம் நுழைந்து, இந்தக் காதின் துளையைக் கடந்து, மறுபக்க மரத்தில் போய் நிற்கும். அந்தத் துளை வட்டமாக இருக்காது. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆணிக்கு, குழலின் நீளவாக்கில் மூன்று நான்கு மில்லிமீட்டர் வரை அரத்தால் இழுத்துவிட்ட நீள்துளையாக இருக்கும்.

மரத்தில் ஆணி இறுக்கமாக நிற்கிறது. இரும்பில் மட்டும் ஆட்டம் விட்டிருக்கிறார்கள். மயிரிழை பிசகாமல் இரும்பை மரத்தில் பதிப்பதையே பெருமையாகக் கருதும் ஒரு தொழிலில், வேண்டுமென்றே விட்ட ஆட்டம் இது. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டையின் மற்ற எல்லா நுணுக்கங்களும் புரிந்துவிடும்.

ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளிலிருந்து குடியேறிய கொல்லர்கள் அங்கிருந்து கொண்டுவந்தது குட்டையான, பருத்த வேட்டைத் துப்பாக்கியை. லங்காஸ்டர் பகுதிப் பட்டறைகளில் அது மெலிந்து நீண்டது. எட்டுப் பட்டைக் குழல் 42 முதல் 46 அங்குலம் வரை வளர்ந்தது. கட்டையும் குழலோடு சேர்ந்து அதன் வாய் வரைக்கும் நீண்டது. அதற்கு அவர்கள் எடுத்த மரம் உள்ளூர் மேப்பிள். தோளில் பதியும் முனையிலிருந்து குழலின் வாய் வரை ஏறக்குறைய ஐந்தடி நீளம், ஒரே துண்டு மரம். முன்கட்டையில் குழலுக்கான காடியின் இருபுறச் சுவரும் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. காடியின் அடியில் இடிகோல் போகும் துளை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் மரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இவ்வளவு நீளமும் இவ்வளவு மெலிவும் கொண்ட ஒரு மரத்துண்டில் இத்தனை இரும்பையும் பித்தளையையும் பதிக்கும் வேலை தச்சுத்தொழிலில் வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காது. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் இத்தகைய துப்பாக்கி ஒன்றை முழுக்கக் கையாலேயே செய்வதை 1969-இல் வெளிவந்த ஆவணப்படம் காட்டுகிறது. இரும்பை நெருப்பில் வாட்டிக் குழலாக்குவதுதான் அதில் கண்ணைப் பறிக்கும் காட்சி. எனக்கோ அதைவிடக் கடினமானது மரவேலைதான் என்று தோன்றுகிறது. இரும்பு செய்து முடித்த நிலையில் நிற்கும். மரம் நிற்காது.

வெட்டிய மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் தேங்கிய நீர் ஒன்று. செல்சுவருக்குள்ளேயே ஒட்டிக்கொண்ட நீர் மற்றொன்று. மரம் காயும்போது தேங்கிய நீர்தான் முதலில் போகும். அது போவதால் எடை குறையுமே தவிர அளவு மாறாது. மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரம் மிஞ்சும் கட்டத்தில் தேங்கிய நீர் தீர்ந்து, சுவரில் ஒட்டிய நீர் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் மரம் சுருங்குகிறது. செல்சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. அந்த இழைகளின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் பற்றிக்கொள்ளத் தோதான இடங்கள் ஏராளம். நீர் நுழைந்தால் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், வெளியேறினால் நெருங்கும். இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. ஆகவே விலகுவதும் நெருங்குவதும் பக்கவாட்டில்தான் நடக்கும். நீளத்தில் மிகச் சொற்பம்.

பக்கவாட்டிலும் இரண்டு திசை உண்டு. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போவது ஆரவாக்கு. வளர்ச்சி வளையங்களை ஒட்டிப் போவது வளையவாக்கு. நடுவிலிருந்து வெளியே ஓடும் கதிர்செல்கள் ஆரவாக்கில் மரத்தை இழுத்துப் பிடிப்பதால் அங்கே சுருக்கம் குறைவு. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் 1910 முதல் இயங்கும் அமெரிக்க வனப்பொருள் ஆய்வுக்கூடம் மரம் மரமாக இதை அளந்து வைத்திருக்கிறது. சர்க்கரை மேப்பிள் பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்போது ஆரவாக்கில் 4.8 சதவீதமும் வளையவாக்கில் 9.9 சதவீதமும் சுருங்குகிறது. கருப்பு வால்நட் 5.5, 7.8. நம் தேக்கு 2.5, 5.8 என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. தச்சர்கள் தேக்கை நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நீளவாக்கில் பெரும்பாலான மரங்களுக்கு 0.1 முதல் 0.2 சதவீதம்தான்.

பச்சை மரத்தில் யாரும் துப்பாக்கி செய்வதில்லை. காய்ந்த மரமும் சும்மா இருப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அது நீரை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய அறையில் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் ஆறு சதவீதத்துக்கு இறங்கும். கோடையில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமானால் மரம் 12 சதவீதத்துக்கு ஏறும். பென்சில்வேனியாவில் ஒரே வருடத்தில் இரண்டும் நடக்கும். இந்த ஆறு புள்ளி ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் இனி வரும் கணக்குகளைப் போடப்போகிறேன்.

முதலில் நீளம். 44 அங்குலக் குழல் என்றால் 1,118 மில்லிமீட்டர். அதை ஒட்டி ஓடும் மரம் இந்த ஈர வேறுபாட்டில் கால் முதல் அரை மில்லிமீட்டர் வரை நீளும், குறுகும். இரும்புக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை, வெப்பம் உண்டு. 30 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதே குழல் 0.4 மில்லிமீட்டர் நீளும். வறண்ட நாளில் கட்டை குறுகி நிற்கும்போது தொடர்ந்து சுட்டுக் குழலைச் சூடாக்கினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். சேர்த்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டரை நெருங்கிவிடும். மேப்பிளில் பலரும் தேடி வாங்குவது அலையலையாக ஒளிரும் நாரோட்டம் கொண்ட பலகையை. அதில் நார் நேராக ஓடாமல் ஏறி இறங்குவதால் பக்கவாட்டுச் சுருக்கத்தில் ஒரு பங்கு நீளத்திலும் வந்து சேரும். அழகுக்குக் கொடுக்க வேண்டிய விலை அது.

குழலின் அடி கட்டையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. சுடும்போது வரும் உதை முழுவதையும் குழலின் பின்முகம் மரத்தில் இறக்க வேண்டும். அதனால் அந்த முகம் முழுக்கப் பதிந்திருக்க வேண்டும். வாலின் நுனிக்குப் பின்னால் மட்டும் ஒரு தாளின் கனத்துக்கு இடைவெளி விடுவார்கள். இல்லையென்றால் வால் ஆப்பாக மாறிக் கைப்பிடிக் கழுத்தைப் பிளந்துவிடும். இப்படிப் பின்முனையை நிலையாக்கிவிட்டதால் நீளத்தில் வரும் வேறுபாடு முழுவதும் குழலின் வாயை நோக்கித்தான் நகர முடியும். வாய்க்கு அருகே உள்ள காதுக்கு அதிக ஆட்டமும் அடிக்கு அருகே உள்ளதற்குக் குறைந்த ஆட்டமும் போதும். காதுத்துளை வட்டமாக இருந்தால் கட்டை வழுக்கிப் போக வழியின்றி வில்லாக வளையும். அல்லது மெல்லிய சுவரில் ஆணித்துளை கிழியும். வளைந்த கட்டை குழலையும் ஒரு பக்கம் இழுக்கும். கோடையில் இலக்கில் பட்ட குண்டு குளிர்காலத்தில் தள்ளிப் படும்.

மரத்தை அசையவிடாமல் தடுக்க எந்தக் கைவினைஞராலும் முடியாது. எந்த இடத்தில் அது நிற்க வேண்டும், எந்தத் திசையில் நகர வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அவர் கையில் இருக்கிறது.

இதே கேள்விக்கு வேறு விடைகளும் இருந்தன. பிரெஞ்சு ராணுவம் 1728-இல் குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டங்களுக்கு மாறியது. இந்தியத் திரித் துப்பாக்கிகள் பலவற்றில் தோல் வாராலோ கம்பியாலோ குழலைக் கட்டையோடு சுற்றிக் கட்டியிருப்பார்கள். வளையம் எதுவானாலும் அதனுள் குழல் வழுக்கிக்கொள்ளும். பிரிட்டிஷார் குறுக்காணியை விடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டு, 1790-களில் பிரிட்டிஷ் ராணுவமும் எடுத்துக்கொண்ட 39 அங்குலக் குழல் கொண்ட ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியிலும் குறுக்காணிதான்.

அகலத்துக்கு வருவோம். இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மழைக்காலத்தில் மரம் ஊதுகிறது, ஆகவே காடி குறுகிக் குழலை நெரிக்கும் என்று நினைப்பது இயல்பு. மரத்துண்டு முழுதும் சீராக ஈரம் வாங்கினால் நடப்பது வேறு. துண்டு எந்த விகிதத்தில் பெருக்கிறதோ அதே விகிதத்தில் அதிலுள்ள காடியும் துளையும் பெரிதாகின்றன. காடிக்குள் மரமே நிறைந்திருந்தால் அது எவ்வளவு அகலுமோ அவ்வளவு காடியும் அகலும். எனவே ஈரக்காலத்தில் குழலைச் சுற்றி நெகிழ்வு வரும். காடி நெரிப்பது வறண்ட காலத்தில். கோடை ஈரத்தில் இம்மியும் இடைவெளியின்றிப் பதித்த குழலை, குளிர்காலத்தில் சுருங்கும் மரம் இரண்டு பக்கமும் அழுத்தும். எட்டுப் பட்டை இரும்பு இம்மியும் விட்டுக்கொடுக்காது. மரம்தான் விரியும். பழைய துப்பாக்கிகளில் பொறித்தகட்டின் வால் முடியும் இடத்திலிருந்தும் குழலின் வாலை ஒட்டியும் நாரோட்டத்தோடு ஓடும் விரிசல்கள் பல இப்படிப் பிறந்தவை.

மரத்துக்கு உள்ளே இரும்பு இருந்தால் வறட்சிதான் எதிரி. மரத்துக்கு வெளியே இரும்பு இருந்தால் ஈரம் எதிரி. தலை ஆடும் கோடரியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் காம்பு இறுகும், சில நாளில் முன்னைவிட மோசமாக ஆடும். ஊறிய மரம் இரும்பு வளையத்துக்குள் பெருக்க இடமில்லாமல் தன் செல்களையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் பழைய அளவுக்குத் திரும்பாமல் அதற்கும் கீழே போய்விடுகிறது. துப்பாக்கியில் இது குழல்வாலின் திருகாணியில் நடக்கிறது. மேலே இரும்பு வால், கீழே விசைத்தகடு, நடுவே ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் மரம். வளையவாக்கு செங்குத்தாக அமைந்த கட்டையில் இந்த மரம் ஆறு புள்ளி ஈரத்தை இழந்தால் 0.64 மில்லிமீட்டர் மெலியும். அங்குலத்துக்கு 32 புரி உள்ள திருகாணியில் அது முக்கால் சுற்றுக்கும் மேல். குளிர்காலத்தில் திருகாணி ஆடுகிறதே என்று ஒருவர் பல்லைக் கடித்துத் திருகி இறுக்குவார். கோடையில் மரம் பெருத்து, இரண்டு இரும்புக்கும் நடுவே நசுங்கும். அடுத்த குளிர்காலத்தில் இன்னும் அதிகமாக ஆடும். வருடந்தோறும் இறுக்குவது வருடந்தோறும் நசுக்குவதாகவே முடிகிறது. திருகாணியை நின்று பிடிக்கும் அளவுக்கு மட்டும் திருகிவிட்டு விடுவதே நல்லது. நவீன துப்பாக்கிகளில் அந்த இடத்தில் உலோகக் குழாய் ஒன்றை வைத்து, இரும்பு இரும்பின்மேல் உட்காரும்படி செய்துவிடுகிறார்கள். சிறந்த தீர்வு அது.

விசையின் கதை இன்னும் கவனத்துக்குரியது, ஏனென்றால் இங்கே பிசகினால் ஆபத்து. குதிரை எனப்படும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும்போது பொறிக்குள் ஒரு சிறு நெம்பு அதன் பல்லில் போய் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் விசையின் மேல்விளிம்பு அந்த நெம்பைத் தூக்கிவிடும். நெம்பு இருப்பது பொறியில். விசை தொங்குவதோ மரத்தில் செருகிய ஆணியில். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத் தீர்மானிப்பது மரம். அது 12 மில்லிமீட்டர் என்றால் வறட்சியில் கால் மில்லிமீட்டர் குறையலாம். ஈரக்காலத்தில் விசைக்கும் நெம்புக்கும் இடைவெளியே இல்லாமல், தொட்ட மாத்திரத்தில் சுடும்படி ஒருவர் அமைத்திருந்தால், வறட்சி வந்ததும் விசை எந்நேரமும் நெம்பை முட்டிக்கொண்டே நிற்கும். நெம்பு பல்லில் முழுக்க இறங்காது. பாதி இழுத்த பாதுகாப்பு நிலையிலிருந்து குதிரை தானாக விழக்கூடும். மருந்து கெட்டித்த துப்பாக்கியில் இதைப் பற்றி எவ்வளவு எச்சரித்தாலும் தகும். விசையில் கொஞ்சம் வெற்றாட்டம் இருந்தே தீர வேண்டும். பொறி தனியாகக் கையில் இருக்கும்போது சரளமாக இயங்கி, கட்டையில் பூட்டியதும் தயங்கினால், நெம்போ வில்லோ மரத்தில் உரசுகிறது என்று பொருள். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து உறுப்புகளில் தடவி, பூட்டி, இயக்கி, கழற்றினால் உரசும் இடம் மரத்தில் கருப்பாகப் பதிந்திருக்கும். அந்தக் கரும்புள்ளியை உளியால் சீவிய பிறகும் இன்னொரு சீவல் கூடுதலாக எடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் சீவல் வரப்போகும் குளிர்காலத்துக்கானது.

இதனால் ஒரு வேலைமுறை தெளிவாகிறது. இரும்பை மரத்துக்குள் பதிக்கும் வேலைகளை மரம் வறண்டிருக்கும்போது, ஆறு ஏழு சதவீத ஈரத்தில் செய்ய வேண்டும். பிறகு ஈரம் ஏறினால் கொஞ்சம் இடைவெளி தெரியும். கண்ணுக்கு உறுத்தலாம், கட்டைக்குக் கேடில்லை.

அந்த நிலைக்கு மரத்தைக் கொண்டுவருவதுதான் நீண்ட வேலை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது மேல்நாட்டுத் தச்சர்களின் தோராயக் கணக்கு. கட்டைக்கான பலகை இரண்டரை அங்குலம் வரை இருக்கும். வெட்டுமுனைகள் வழியே நீர் பலமடங்கு வேகமாக வெளியேறுவதால் முனைகளில் மெழுகோ பெயிண்டோ பூசாவிட்டால் அங்கே வெடிப்பு விழும். பலகை காய்ந்துவிட்டதா என்று அறிய எடை போட்டுப் பார்ப்பதைவிட நம்பகமான எளிய வழி இல்லை. வேலை செய்யப்போகும் அறையிலேயே பலகையை வைத்து, வாரத்துக்கு ஒருமுறை எடைபோட்டு எழுதி வர வேண்டும். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் மரம் இன்னும் தயாராகவில்லை.

மரத்துக்குள் இழுவிசையும் உறங்கிக் கிடக்கிறது. சாய்ந்து வளர்ந்த இலைமரங்களில், சாய்வின் மேல்பக்கத்து மரம் தண்டை நிமிர்த்தும் முயற்சியில் தனி வகையாக உருவாகிறது. அது நீளவாக்கில் சாதாரண மரத்தைவிடப் பலமடங்கு சுருங்கும். பக்கக்கிளையிலிருந்து அறுத்த பலகையில் இது கட்டாயம் இருக்கும். எவ்வளவு அழகான ரேகை இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும். நேரான அடிமரத்திலும் அவசரமாகச் சூளையில் உலர்த்தியிருந்தால் மேற்பரப்புக்கும் உட்புறத்துக்கும் நடுவே இழுபறி மிஞ்சியிருக்கும். பலகை முழுதாக இருக்கும்வரை இந்த விசைகள் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு அமைதியாக இருக்கும். காடி எடுத்து ஒரு பக்க மரத்தை நீக்கியதும் சமநிலை குலைந்து முன்கட்டை வளைகிறது. அதனால் அனுபவசாலிகள் வெளிவடிவத்தைத் தடியாகவே விட்டுவைத்துக் காடியைத் தோண்டுவார்கள். ஒருநாள் வேலை முடிந்ததும் குழலைக் காடியில் உட்காரவைத்துக் கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். வெறும் காடியோடு முன்கட்டையை இரவு முழுக்க விட்டால் காலையில் குழல் அதில் உட்கார மறுக்கலாம். சுவர்களை மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே மெலியவைப்பது கடைசி வேலை. அதற்குள் குழல், காதுகள், குறுக்காணிகள் எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்திருக்க வேண்டும்.

பலகையை எப்படி அறுப்பது என்பதில் இன்றைய கைவினைஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் சாய்வது, வளையங்கள் பலகையின் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகைக்கு. தோளில் பதியும் முனை 120 மில்லிமீட்டர் உயரமும் 45 மில்லிமீட்டர் அகலமும் உள்ளதாக வைத்துக்கொள்வோம். செங்குத்து வளையம் என்றால் உயரம் ஆரவாக்கில் அமைந்து, ஆறு புள்ளி ஈர வேறுபாட்டுக்கு 1.2 மில்லிமீட்டர் மாறும். வளையங்கள் அகன்ற முகத்துக்கு இணையாக இருந்தாலோ 2.5 மில்லிமீட்டர். அகலத்தில் முந்தையதுதான் அதிகம் மாறும், உண்மைதான். ஆனால் 45 மில்லிமீட்டரில் அந்த வேறுபாடு அரை மில்லிமீட்டர்தான்.

எண்ணெய் பூசினால் மரம் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் மேப்பிளுக்கு அருமையான நிறத்தையும் பளபளப்பையும் தருகிறது. மழைத்துளி ஊறாமல் காக்கிறது. காற்றிலுள்ள நீராவியை அது பெரிதாகத் தடுப்பதில்லை. மெழுகு அதைவிட நன்றாகத் தடுக்கும். எந்தப் பூச்சும் ஈரம் ஏறி இறங்குவதை நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். அந்த மெதுவாக்கலும் எல்லாப் பக்கமும் ஒரேபோல் இருக்க வேண்டும். வெளியே பத்து முறை எண்ணெய் தேய்த்துவிட்டுக் காடியின் உட்புறத்தையும் பொறிக்கான குழியையும் வெறும் மரமாக விட்டால், உள்ளிருந்து ஒரு வேகத்திலும் வெளியிலிருந்து இன்னொரு வேகத்திலும் ஈரம் புகுந்து கட்டையை முறுக்கும். காடியில் தேன்மெழுகு உருக்கித் தேய்ப்பது இரும்பைத் துருவிலிருந்தும் காக்கும்.

அதிகம் மறக்கப்படும் இடம் தோள்முனையின் பித்தளைத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கே வெட்டுமுனை முழுக்கத் திறந்து கிடக்கிறது. தகட்டைப் பூட்டுமுன் அந்த முகத்தில் மெழுகோ அரக்குப் பூச்சோ பலமுறை ஏற்ற வேண்டும். பழைய துப்பாக்கிகளில் தகட்டின் விளிம்பு மரத்தைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். செய்த நாளில் இரண்டும் ஒரே மட்டமாக அரம் போட்டவைதான். பித்தளை அப்படியே இருக்க, மரம் பல ஆண்டுகளின் வறட்சியில் உள்வாங்கிவிட்டது. இந்த மட்டப்படுத்தும் வேலைக்கு மட்டும் வறண்ட நாள் பொருந்தாது. மரம் ஒன்பது சதவீத ஈரத்தில் இருக்கும்போது அரம் போட்டால், செங்குத்து வளையக் கட்டையில் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் குளிர்காலத்தில் 0.3 மில்லிமீட்டர் பித்தளை நீட்டும், கோடையில் அதே அளவு மரம் நீட்டும்.